மடத்துப் படியில் விழுந்த மிஷின்

பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் போட்டோ வரும், காலமானவர்கள் படம் வரும், ஆனால் பெரும்பாலும் சாமி படம்தான். எட்டாவது வரைக்கும் படித்தவன் நான். எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் இதை எழுதியே தீரவேண்டும் என்று ஒரு வருஷமாக மனசு அரித்துக்கொண்டிருக்கிறது. வாயால் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்லும்போதெல்லாம் வாய் கொஞ்சம் என் பக்கமே சாய்கிறது.

என் கடையில் ஓர் அம்மா வேலை பார்த்தார். குன்னத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். அதற்கு முன்னால் மக்காச்சோளக் காட்டுக்கும் பருத்திக் காட்டுக்கும் கூலிக்குப் போனவர். கண்ணாடி துடைக்கத்தான் அவரைச் சேர்த்தேன். இரண்டே வருஷத்தில் கட்டை அறுக்கிற வேலை முழுவதும் அவர் கைக்குப் போய்விட்டது. பிரேமுக்கு நாலு மூலை. ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கட்டைகள் நாற்பத்தைந்து டிகிரி சாய்வாக அறுபட்டு ஒன்றோடொன்று சேரவேண்டும். அரை டிகிரி தப்பினாலும் மூலை இளித்துக்கொண்டு நிற்கும். நான் அறுத்தால் பத்துக்கு இரண்டாவது இளிக்கும். பசையில் மரத்தூளைக் குழைத்து அடைப்பேன். அந்த அம்மா அறுத்ததில் அடைக்க இடமே இருக்காது.

"அண்ணே, நீங்க அறுத்த மூலையில எறும்பு குடும்பத்தோட குடியிருக்கலாம்" என்பார்.

"இருக்கட்டும், ஒனக்கென்ன? நீ போயி அடுத்த கட்டைய அறு" என்பேன்.

இப்படித்தான் பதினோரு வருஷம் ஓடியது.

அறுக்கிற மிஷினை நாங்கள் மைட்டர் மிஷின் என்போம். கீழே கனமான இரும்புத் தட்டு. அதற்கு மேலே முழங்கை மாதிரி மடங்கும் ஒரு பாகம். அதில்தான் மோட்டாரும் வட்ட பிளேடும் இருக்கின்றன. கைப்பிடியை அழுத்தினால் பிளேடு இறங்கி அறுக்கும். விட்டால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் சடாரென்று மேலே தூக்கிவிடும். மிஷினை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும்போது அந்தக் கை எழும்பக்கூடாது. அதனால் அதைக் கீழே அழுத்தி, பக்கத்திலுள்ள துளையில் ஒரு இரும்புப் பின்னைச் செருகிப் பூட்டவேண்டும். பின் செருகாமல் தூக்குவதும், கட்டாத காளையைத் தோளில் தூக்குவதும் ஒன்று.

இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. திருச்சியில் மிஷின் வாங்கிய அன்றே கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார். பிளேடு முழு வேகம் எடுத்த பிறகுதான் அழுத்த வேண்டும், கை பிளேடுக்கு ஒரு சாணுக்கு மேல் தள்ளியிருக்க வேண்டும், துண்டுக் கட்டையை விரலால் பிடிக்கக்கூடாது, கிளாம்ப் போட வேண்டும், அறுத்து முடித்ததும் சுவிட்சை விட்டுவிட்டு பிளேடு நிற்கிற வரைக்கும் கீழேயே வைத்திருந்து பிறகுதான் தூக்க வேண்டும் என்றார். கடைசியாக, மிஷினை நகர்த்துகிற விஷயத்துக்கு வந்தார். பிளக்கைப் பிடுங்கணும், பின்னைப் பூட்டணும், இரும்புத் தட்டைப் பிடித்து இரண்டு பேராகத் தூக்கணும், காலில் மூடின ஷூ இருக்கணும். அது வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். மணி பத்து இருபது. மிஷினோடு கடை வாசலைத் தாண்டியாக வேண்டும் என்ற பதைப்பில் நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். ஷூ என்றதும் மனசுக்குள் சிரித்தேன். சாமி படத்துக்குக் கட்டை அறுக்கிறவன் ஷூ போடுவானா?

என் கடையில் செருப்பு கூடாது. வாசலில் அட்டையிலேயே எழுதித் தொங்கவிட்டிருந்தேன். வருகிறவர்கள் மட்டுமல்ல, வேலை பார்க்கிற நாங்களும் வெறுங்காலோடுதான் நிற்போம். "ஒங்க கடைக்குள்ள வந்தா கோயிலுக்குள்ள வந்த மாதிரி இருக்குங்க" என்று வாடிக்கையாளர்கள் சொல்லும்போது எனக்குக் கண் கலங்கும். அந்தப் பக்தி பொய்யில்லை. ஆனால் அந்தப் பக்திக்கு அந்த அம்மாவின் காலையும் சேர்த்து நானே விலை பேசிவிட்டேன். அதை அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆயுத பூஜை. மிஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தேன். மோட்டாருக்கு ஒரு பொட்டு, கைப்பிடிக்கு ஒரு பொட்டு, பிளேடு மூடிக்கு ஒன்று. பின் செருகுகிற இடம் பார்க்க நெற்றி மாதிரி இருக்கும். அங்கே குழைத்த சந்தனத்தை உருட்டிப் பெரிய பொட்டாக வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. சந்தனம் துளைக்குள் இறங்கிக் காய்ந்தது. மரத்தூளும் சேர்ந்து இறுகி, பத்து நாளில் பின் உள்ளே போகவில்லை.

"அண்ணே, பின்னு விழ மாட்டேங்குது. சாக்கு தைக்கிற கோணூசிய வச்சிக் குத்துனா வந்துரும்" என்றார் அந்த அம்மா.

"பூச போட்ட பொட்ட சொரண்டுவியா? அது தானா உதிரணும்."

"நான் சொரண்டலண்ணே. நீங்களே சொரண்டுங்க. ஒங்க பொட்டுதான."

"சும்மா இரும்மா. மிஷினு மேச மேலதான கெடக்கு. அத யாரு தூக்கப் போறா?"

எங்கள் பக்கத்தில் பூஜை போட்ட சந்தனத்தைத் துடைக்க மாட்டார்கள். லாரிக்காரர்களைப் பாருங்கள், போன வருஷத்துப் பொட்டின் தடத்தின் மேல் இந்த வருஷத்துப் பொட்டு இருக்கும். நானும் அப்படியே விட்டேன். வேலை முடிந்ததும் மிஷினின் கையைக் கீழே அழுத்தி, பின்னுக்குப் பதிலாகச் சணல் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவைத்தேன்.

கார்த்திகையில் எங்கள் ஊரிலிருந்து ஆள் வந்தது. நான் பிறந்த ஊர் அரியலூர் பக்கம், விக்கிரமங்கலத்துக்கு அருகில். அங்கே பஜனை மடத்தில் பெருமாளின் பத்து அவதாரப் படங்களைப் பெரிதாக மாட்டப் போகிறார்கள். ஒவ்வொன்றும் ஆளுயரம். மார்கழி பிறக்கும் முன் பிரேம் போட்டுத் தரவேண்டும். இவ்வளவு பெரிய கண்ணாடியைப் பிரேமோடு ஏற்றிக்கொண்டு சிமெண்ட் லாரி ஓடுகிற ரோட்டில் போனால் பாதி நொறுங்கிவிடும். மிஷினையும் கட்டைகளையும் மடத்துக்கே கொண்டுபோய் அங்கேயே அறுத்துப் பூட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். வெளியூர் போய்ப் பிழைக்கிறவனுக்குச் சொந்த ஊரில் சாமி வேலை கிடைத்தால் எப்படி இருக்கும்! மூன்று நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை.

குட்டியானை வண்டியில் மிஷினை ஏற்றிக்கொண்டு அந்த அம்மாவும் நானும் காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மடத்து வாசலில் என் சொந்தக்காரர்கள் எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மடத்துக்குத் தலைவர் எனக்கு மாமா முறை. அந்த அம்மா வண்டியிலிருந்து இறங்கி இடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணே, அந்தப் புங்க மரத்தடியிலயே மிஷினப் போட்டுக்குவோம். உள்ள தூளு பறக்கும். வெளியன்னா காலுல செருப்பும் கெடக்கும்."

சொன்னது சரி. அது சரியென்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாமி வேலையத் தெருவுலயா செய்யிறது? செருப்பக் கழட்டிட்டு வா" என்றேன், அவர்கள் காதில் விழும்படி.

அவர் செருப்பைக் கழற்றி வண்டிச் சக்கரத்தின் ஓரம் வைத்தார். முதல் படியில் கால் வைத்தபோது உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். ஏன் தள்ளி உட்கார்ந்தார் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நானும் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

மிஷினைத் தூக்கினோம். நான் படிக்கு மேல்பக்கம் பின்னோக்கி ஏறினேன், அவர் கீழ்ப்பக்கம் பிடித்திருந்தார். தூக்கின உடனே சொன்னார்:

"கயிறு லூசா இருக்குண்ணே. எறக்குங்க, இன்னொரு சுத்து சுத்திக்குவோம்."

"மூணு படிதானம்மா. தூக்கு, தூக்கு. சாமி பாத்துக்கும்."

இரண்டாவது படியில் கயிறு நழுவியது. மிஷினின் கை சடாரென்று எழும்பியது. பிளக் எதிலும் செருகாமல் ஒயரோடு சுருட்டிக் கிடந்ததால் பிளேடு சுற்றவில்லை. அதற்கு மட்டும் கடவுளுக்கு நன்றி. கைப்பிடி என் தாடையை உரசிக்கொண்டு போனது. நான் பயந்து இரண்டு கையையும் விட்டுவிட்டேன்.

அந்த அம்மா விடவில்லை. அவரும் விட்டிருந்தால் மிஷின் படியில் விழுந்து உடைந்திருக்கும், அவ்வளவுதான். இருபது கிலோவுக்கு மேலுள்ள இரும்பை ஒற்றை ஆளாக நெஞ்சோடு அணைத்து நிறுத்தப் பார்த்தார். முழங்கால் மடிந்தது. இரும்புத் தட்டின் மூலை அவருடைய வலது கால் விரல்மேல் இறங்கியது.

"அய்யோ, மிஷினு" என்றார். அதுதான் முதலில் சொன்னது. பிறகுதான் காலைப் பார்த்தார்.

எல்லோரும் எழுந்து ஓடி வந்தார்கள். மிஷினை இரண்டு பேர் புரட்டி எடுத்தார்கள். அவர் படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ரத்தம் கீழ்ப் படிக்கு வழிந்துகொண்டிருந்தது. மாமா என் பக்கத்தில் வந்து கேட்டார். ரகசியமாக ஒன்றும் கேட்கவில்லை.

"ஏம்பா, அது குளிச்சிட்டுத்தான வந்துச்சு? கவுச்சி கிவுச்சி தின்னுட்டு வந்துருச்சா?"

பின் செருகவில்லை மாமா, கயிற்றில் கட்டியிருந்தேன், கையை விட்டது நான் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. வரவே இல்லை. வந்தது இதுதான்:

"என்னத்தக் கண்டேன் மாமா."

சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் லேசானது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது. எல்லோருடைய கண்களும் என்னை விட்டு அந்த அம்மாவின் மேல் போயின. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், ஒரு தடவைதான். பிறகு தலையைக் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டார்.

அதற்குள் யாரோ செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து படியைக் கழுவ ஆரம்பித்தார்கள். காலுக்கு அதுவரை துணி கட்டவில்லை. அந்த அம்மா தன் சட்டையைக் கழற்றி — காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் மாதிரி சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுத்தான் அறுப்பார், முந்தானை பிளேடில் சிக்காமலிருக்க — அதைத் தானே காலில் சுற்றிக்கொண்டார்.

அரியலூர் ஆஸ்பத்திரிக்கு அதே வண்டியில் போனோம். வழியில் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "எங்கூட்டுக்காரருக்குப் போன் போடுங்க. பதறாத மாதிரி சொல்லுங்க." சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். பக்கத்து விரலைக் காப்பாற்றிவிட்டார்கள்.

பத்துப் படங்களுக்கும் கட்டையை நானே அறுத்தேன். அந்த மூலைகளைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. ஊரில் யாரும் மூலையைப் பார்க்கவில்லை. படியைத்தான் பேசினார்கள். நான் சொன்னது மூன்று சொல். அது ஊரைச் சுற்றி வரும்போது ஒரு கதையாகிவிட்டது. சுத்தமில்லாமல் சாமி வேலைக்கு வந்தாளாம், பெருமாள் படியிலேயே தடுத்துவிட்டாராம். ஒரு வாரத்தில் அந்தக் கதை பெரம்பலூருக்கே வந்தது. ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவர் படம் வாங்க வந்தவர், பிரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இது அந்தப் பொம்பள கை பட்டதுங்களா?"

"இல்லீங்க, நானே அறுத்தது" என்றேன்.

அதுவும் பொய்தான். அந்த அம்மா போன மாதமே அறுத்துவைத்துவிட்டுப் போன பிரேம் அது.

என் மனைவி வாரத்துக்கு ஒருமுறை குன்னம் பஸ் ஏறிப் போய் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வருவாள். என்னைக் கூப்பிடுவாள், நான் கடையைச் சாக்கு சொல்வேன். ஒருநாள் திரும்பி வந்தவள் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, மிஷின விட்டது நீங்கதானாமே?"

"யாரு சொன்னா? அதா?"

"அவ ஒன்னுமே சொல்லல. நான்தான் கேட்டேன். மேல்பக்கம் யாரு புடிச்சிருந்தான்னு கேட்டேன். பேச்ச மாத்துறா. அப்பவே தெரிஞ்சிபோச்சு."

"கயிறு அவுந்துபோச்சு. நான் என்ன பண்ண? அன்னிக்கு அது என்னத்தத் தின்னுட்டு..."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கருவாடே தின்னுட்டு வந்துருக்கட்டும். கருவாடு வந்து கயித்த அவுத்துச்சா? ஒங்க கையத்தான் புடிச்சி இழுத்துச்சா?"

நான் தட்டைத் தள்ளிவைத்தேன். அவள் விடவில்லை.

"அவ குளிச்சாளா குளிக்கலையான்னு கேட்டாங்களே, நீங்க அன்னிக்கு ரெண்டு தடவ குளிச்சிட்டுத்தான போனீங்க? என்னா ஆச்சு?"

இரண்டு நாள் கழித்து அந்த அம்மாவின் வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். அலமாரியில் கிடந்த டிபன் பாக்ஸையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்துப் போகத்தான் வந்திருந்தார். கோபமாக வந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"கால் ஊன ஆரம்பிச்சிருச்சுங்க. மார்க்கெட்டுகிட்ட இன்னொரு பிரேம் கடை இருக்குதுல்ல, அங்க வேல கேட்டுச்சு. மடத்துல ரத்தம் சிந்துன பொம்பள, இங்க சாமி படம் பண்றோம், வேணாம்னுட்டாங்களாம்."

"இங்கயே வரச் சொல்லுங்க" என்றேன்.

"சொன்னேங்க. அது பேச மாட்டேங்குது."

அவர் போன பிறகு கடையில் யாருமில்லை. ஒரு மனுஷி பதினோரு வருஷத்தில் கையால் சம்பாதித்த பேரை நான் மூன்று சொல்லில் அழித்துவிட்டேன். இனிமேல் காட்டு வேலைக்குத்தான் திரும்பிப் போகவேண்டும், அதற்கும் கால் சரியில்லை. விளக்கேற்றிக் கும்பிடப் போனேன். என் கடையில் எத்தனை சாமி இருக்கிறது! சுவர் முழுக்கச் சாமி. ஒரு படத்தின் முன்னாலும் கண்ணை மூட முடியவில்லை.

கோணூசி எடுத்துவந்து பின் துளையில் குத்தினேன். ஒரே குத்து. சந்தனமும் தூளுமாகப் பொலபொலவென்று மேசையில் கொட்டியது. பின் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பூட்டியது. ஒரு நிமிஷ வேலை. உட்கார்ந்து அழுதுவிட்டேன். அன்றைக்கே வாசலில் தொங்கிய அட்டையைக் கழற்றினேன். கடைக்குப் பின்னாலுள்ள அறையை அறுக்க மட்டும் என்று ஒதுக்கினேன். படங்கள் அங்கே வராது, மரம் மட்டும்தான். அங்கே மூடின ஷூ போடாமல் யாரும் நிற்கக்கூடாது. படம் ஏறுகிற வரைக்கும் கட்டை வெறும் கட்டைதான், அதற்கு நாம் செருப்புப் போட்டிருப்பது தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒருவருடைய விரல் தேவைப்பட்டிருக்கிறது.

ஆனால் மிஷினைச் சரிசெய்தால் பேர் சரியாகிவிடுமா? மார்கழி மூன்றாம் நாள் விடியற்காலை முதல் பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். பஜனை தெருச் சுற்றி முடிந்து மடத்துக்குத் திரும்பியிருந்தது. நாற்பது பேராவது இருப்பார்கள். தீபாராதனை முடிந்து பொங்கல் கொடுக்க ஆரம்பிக்கும் முன்பு எழுந்து நின்றேன்.

"ஒரு விஷயம் சொல்லணும். அன்னிக்கு இந்தப் படியில மிஷினு விழுந்துச்சுல்ல, அது என் தப்பு. பூட்டுற பின்ன நான் பூட்டல. கயிறு லூசுன்னு அந்தம்மா சொல்லுச்சு, நான் கேக்கல. தூக்கிட்டு வரும்போது பயந்துபோயி கைய விட்டது நான்தான். அது மேல ஒரு தப்பும் இல்ல. மாமா கேட்டப்ப என்னத்தக் கண்டேன்னு சொன்னேன். எல்லாம் கண்டேன். கண்டுட்டுத்தான் சொன்னேன்."

ஜால்ரா வைத்திருந்த ஒருவர் அதை மெதுவாகத் தரையில் வைத்த சத்தம் கேட்டது.

"இப்ப எதுக்குப்பா அதெல்லாம்? முடிஞ்சிபோன கத" என்றார் மாமா.

"அந்தம்மாவுக்குக் கத முடியல மாமா. ஒரு எடத்துலயும் வேல குடுக்க மாட்டேங்குறாங்க."

பின்னாலிருந்து ஒரு பெரியம்மா முறைக்காரர் குரல் கொடுத்தார்: "அப்ப ஒன்னையத்தான் குளிச்சியாடான்னு கேட்டுருக்கணும்!"

"குளிச்சிட்டுத்தான் வந்தேன் பெரியம்மா."

"குளிச்சி என்னா புண்ணியம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சிரிக்க வேண்டியதாயிற்று. அன்றைக்குத் துண்டை உதறியவர் மட்டும் சிரிக்காமல் எழுந்து, பொங்கல் வாங்காமலே போனார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, "நானும் ஒரு வார்த்த கேட்டுட்டேன், என்ன பண்றது. பொங்கல வாங்கு, ஆறிடும்" என்றார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. இதைச் சொல்லவா ஒரு மாதம் ஒளிந்துகொண்டு திரிந்தேன் என்றிருந்தது.

திரும்பி வந்ததும் மார்க்கெட்டுக்குப் பக்கத்துக் கடைக்காரரிடமும் போய் அதையே சொன்னேன். அவர், "நீங்களே வாயத் தொறந்து சொல்லாட்டி எங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றார்.

மறுநாள் ஆரஞ்சுப் பழமும் மடத்துப் பிரசாதமும் எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் ஊருக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், பஸ்ஸில் போகும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். பெரிய காரியம் ஒன்றைச் செய்துவிட்டவன் மாதிரி.

அவர் வீட்டு வாசலில் சாக்கு விரித்து, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரோடு சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தார். வலது கால் நீட்டியிருந்தது. நான் அந்தக் காலைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

"யாருக்கா இது?" என்றாள் ஒருத்தி.

"எங்க கடை அண்ணன்" என்றார். அந்த 'எங்க' என்ற வார்த்தை என்னை என்னவோ செய்தது. அவர் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். உட்கார்ந்து, மடத்தில் எழுந்து நின்றதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெரியம்மா சொன்னது, எல்லோரும் சிரித்தது, துண்டுக்காரர் எழுந்து போனது, மார்க்கெட்டுக் கடைக்காரர் சொன்னது, ஒன்றும் விடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் கை வேலையை நிறுத்திவிட்டு வாயைப் பார்த்துக் கேட்டார்கள். அந்த அம்மா மட்டும் நிறுத்தவில்லை. நான் முடித்ததும் அரிவாளைப் பார்த்தபடியே கேட்டார்.

"மடத்துல சொன்னீங்க. அந்தக் கடையில சொன்னீங்க. எங்கிட்ட எப்பண்ணே சொல்லப் போறீங்க?"

"அதான சொல்லிட்டிருக்கேன்."

"அங்க சொன்னதச் சொன்னீங்க."

ஆஸ்பத்திரியில் ஆறு நாள் பக்கத்தில் இருந்தேன், டாக்டரிடம் பேசினேன், நர்சிடம் பேசினேன், அவர் வீட்டுக்காரரிடம் பேசினேன். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பது பேர் முன்னால் சொல்ல வந்த தைரியம் அந்த மூன்று பெண்கள் முன்னால் வரவில்லை. வெங்காயக் குவியலைப் பார்த்துத்தான் பேசினேன்.

"நீ சொன்னது எதையும் நான் கேக்கலம்மா. மரத்தடியில போடலாம்ன, கேக்கல. கயிறு லூசுன்ன, கேக்கல. கைய விட்டுட்டேன். அவங்க ஒன்னப் பத்தி அப்படிக் கேட்டப்ப, பதினோரு வருஷமா எங்கூட நிக்கிற பொண்ணு, அப்படிக் கேக்காதீங்கன்னு சொல்லல. மன்னிச்சுக்கம்மா."

அவர் அரிவாளைச் சாக்கின்மேல் வைத்தார்.

"ஏண்ணே கைய விட்டீங்க?"

குத்திக் காட்டுகிற குரல் இல்லை. இத்தனை நாள் புரியாத ஒன்றைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"பயந்துட்டேம்மா."

"நானுந்தான் பயந்தேன்" என்றார்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் மறுபடி வெங்காயத்தைக் கையில் எடுத்தார்.

"நேத்து சாயங்காலம் மார்க்கெட்டுக் கடையிலேருந்து ஆளு வந்துச்சு. தை பொறந்ததும் வரச் சொல்லியிருக்காங்க. அங்கயே போறேண்ணே."

நம் கடைக்கு வாம்மா என்று சொல்லத்தான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். "நல்லதும்மா, போ" என்றேன். பிரசாதத்தை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பக்கத்திலிருந்தவர்களுக்கும் கொடுத்தார். பிறகு நான் எழுந்து தெருவுக்கு வந்தேன். வீட்டுக்காரர் பஸ் வருகிற வரைக்கும் கூட வந்து நின்றார். அந்த அம்மா எழுந்து வரவில்லை.